மேல்மாடிக்கு ஏறிய எங்கள் வீடு

எங்கள் ஒழுங்கைக்குள் ஓர் அலுமாரி நடந்து வந்தது.

வெயில் ஏறத் தொடங்கியிருந்த காலை. அலுமாரிக்கு நான்கு கால்கள். முன்னிரண்டும் என்னுடையவை, பின்னிரண்டும் என் மைத்துனன் சேகரனுடையவை. அவன் மீன் வாடியில் ஐஸ் உடைக்கிறவன், பாரம் அவனுக்குப் பழக்கம். நான் வாயால் பிழைக்கிறவன். ஆகவே அலுமாரி என் பக்கம் சரிந்தே வந்தது.

பொலித்தீன் சுற்றிய புத்தம்புது அலுமாரி. கதவில் ஆளுயரக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள் ஒழுங்கை முழுவதும் ஆடி ஆடி வந்தது. தகர வேலி, பொதுக் குழாயடி வாளிகள், காயப்போட்ட வலை, கடைசியில் ஒரு மான்.

எங்கள் ஊரில் மான்கள் மாடுகளைப்போலத் தெருவில் திரியும். குப்பைப் பையைக் கிளறிக்கொண்டிருந்த இந்த மான் தலை நிமிர்ந்தது. கண்ணாடிக்குள் இன்னொரு மானைக் கண்டது. அதன் பிறகு அசைய மறுத்துவிட்டது.

“அத்தான், வழி விடுதில்லை.”

“சூ எண்டு சொல்லன்ரா.”

“சொன்னனான். அது உங்களைப் பாக்குது.”

“என்னை ஏன் பாக்குது?”

“தன்னைவிடப் பயந்த சீவன் ஒண்டு ஊருக்குள்ள இருக்கெண்டு இப்பதான் கண்டுபிடிச்சிருக்கு.”

நான் பயந்துதான் போயிருந்தேன். மானுக்கு அல்ல, ஒரு பள்ளிக்கூடத்துக்கு.

போன கிழமை, மூதூர்ப் படகிலிருந்து நான் மைக்கோடு தண்ணீருக்குள் விழுந்த கதையை வாசித்துவிட்டு, “உமக்குப் பயமில்லாத நாளே கிடையாதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒரு நாள் இருக்கிறது. அதை இந்த அத்தியாயத்தின் கடைசியில் வைத்திருக்கிறேன். பாய்ந்து போய் வாசிக்கவேண்டாம், அலுமாரி இன்னும் என் தோளில் இருக்கிறது.

ஒரு சுற்றும் பல சுற்றும்

புதிதாக வாசிப்பவர்களுக்கு என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். என் ஆட்டோவின் கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள். திருவிழா, மலிவு விற்பனை, தண்ணீர் வெட்டு, ரியூசன் வகுப்பு, மரணம். திருகோணமலையில் எது நடந்தாலும் அது என் தொண்டை வழியாகத்தான் தெருவுக்கு வரும். ‘மைக் ராசன்’ என்று கேட்டால் துறைமுகத்தடியில் வீட்டைக் காட்டுவார்கள்.

மரண அறிவித்தலில்தான் இந்த நாட்டை நான் படித்தேன். காசுள்ளவர் காலமானால் கனடா மகன், லண்டன் மருமகள், சிட்னிப் பேரப்பிள்ளைகள் என்று ஒரே மூச்சில் வாசிக்க முடியாது. கடற்கரை வீதியிலிருந்து உவர்மலை வரை காலையும் மாலையும் பல சுற்று. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் போனால் ஒரே சுற்று. “அண்ணை, சந்தியோட திருப்புங்கோ, மிச்சப் பேருக்கு நாங்கள் நடந்துபோய்ச் சொல்லுறம்” என்பார்கள்.

செத்த பிறகே இவ்வளவு வித்தியாசம் என்றால், ஐந்து வயதில் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கும்போது எப்படியிருக்கும்?

எங்கள் குசினியில் நின்றால் பெரிய பள்ளிக்கூடத்து மணி கேட்கும். பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதமாட்டேன். ஊரில் உள்ளவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் தங்கள் ஊரிலுள்ள ஒன்றை வைத்து வாசிக்கலாம். என் மனைவி வசந்தி அரிசி களைவதும் உலை வைப்பதும் அந்த மணிக்குத்தான். எங்கள் மகள் அபி பேசத் தொடங்கியபோது அம்மா, அப்பாவுக்கு அடுத்த சொல் “டாங்”.

முதலாம் வகுப்புக்குப் பிள்ளை சேர்க்கும் சட்டம் வாசிக்க அழகானது. பள்ளிக்குக் கிட்ட இருக்கிற பிள்ளைக்கு முதலிடம். ஆனால் கிட்ட இருக்கிறோம் என்பதை எங்கள் கால் சொன்னால் போதாது, காணி உறுதி என்ற பத்திரம் சொல்லவேண்டும். உறுதி உள்ளவனுக்குப் புள்ளி அள்ளிக் கொட்டும். எங்கள் ஒழுங்கையில் உறுதி என்ற பொருளைக் கண்ணால் கண்டவர்கள் கிடையாது. சண்டைக் காலத்தில் ஓடிவந்து குந்திய சனங்கள். எங்களுக்கு ஓர் அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி, வாய்ப்பேச்சில் வாடகை.

ஆகவே எங்களுக்கு ஒரேயொரு வழிதான் மிஞ்சியது. பள்ளிக்கூடத்திலிருந்து வீடு பார்க்க வருவார்கள். வந்து, இங்கேதான் இருக்கிறார்கள் என்று கண்ணால் கண்டு சொன்னால், அபிக்கு இடம் கிடைக்கும்.

வெள்ளம் வந்தால் இங்கிலீஸ்

ஒரு பள்ளிக்கூடத்துக்காக இவ்வளவு பதற்றமா என்று கேட்பவர்களுக்கு நான் படித்த கதையைச் சொல்லவேண்டும்.

நான் வெருகல் பக்கத்தவன். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஸ் படிப்பிக்க நகரத்திலிருந்து ஒரு சேரை நியமித்திருந்தார்கள். கிழமை தொடங்கி, பஸ் பிடித்து, படகு மாறி, சேற்றில் நடந்து அவர் வந்து சேர்வதற்கும், திரும்பிப் போவதற்கு வழி பார்ப்பதற்கும் நேரம் சரியாக இருக்கும். அவரைக் குறை சொல்லமாட்டேன். எனக்கு நகரத்தில் வீடிருந்தால் நானும் ஓடியிருப்பேன்.

ஒரு மாரியில் வெள்ளம் வந்து பாதையை அறுத்துவிட்டது. சேர் அகப்பட்டுக்கொண்டார். போக வழியில்லாத மனிதர் வேறு என்ன செய்வார்? படிப்பித்தார். அருமையாகப் படிப்பித்தார். ஈரச் சாக்கின் மணத்தோடு நாங்கள் கிழமை நாட்களை இங்கிலீசில் பாடினோம். வியாழன் வரை வந்தபோது வெள்ளம் வடிந்துவிட்டது. இன்றைக்கும் எனக்கு வெள்ளியும் சனியும் இங்கிலீசில் தடுமாறும்.

அடுத்த மாரிக்கு, வெள்ளம் வரவேண்டும் என்று பிள்ளைகள் நாங்கள் கோயிலில் கற்பூரம் கொளுத்தினோம். வெள்ளம் வந்து வயல் அழியக்கூடாது என்று எங்கள் அப்பாமார் கொளுத்தினார்கள். இரண்டும் ஒரே சாமியிடம். சாமி தகப்பன்மார் பக்கம் நின்றது. எங்கள் இங்கிலீஸ் வியாழனோடு நின்றது.

அதே காலத்தில் நகரத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் என் வயதுப் பிள்ளைகள் இங்கிலீஸ் நாடகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு இரண்டு பகுதியையும் ஒரே மண்டபத்தில் இருத்தி, ஒரே பரீட்சைத் தாளைக் கொடுத்தார்கள். அதற்குப் பெயர் சமவாய்ப்பு! ஒருவனுக்குப் படகையும் மற்றவனுக்கு ஆற்றையும் கொடுத்துவிட்டு, யார் முதலில் கரைசேர்கிறார் பார்ப்போம் என்று மணிக்கூட்டோடு நிற்கிறார்கள்.

அபி ஆற்றில் நீந்தக்கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

சேகரன் வைத்த தீ

வீடு பார்க்க எந்த நாளும் வரலாம் என்ற செய்தி வந்ததும் சேகரன் ஒரு பேச்சைப் போட்டுவிட்டான்.

“அத்தான், வீடு பாக்க வாறவைக்கு இப்ப கண் நல்ல கூர். காசுக்காரர் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட வெறும் வீட்டை எடுத்துப்போட்டு, இருக்கிறம் எண்டு காட்டுகினம். அதால, வெறும் வீட்டைக் கண்டா ஆளில்லை எண்டு எழுதிப்போட்டுப் போயிடுவினம்.”

“எங்கட வீடு என்ன வெறும் வீடே?”

அவன் சுற்றிப் பார்த்தான். ஒரு கால் நைலோன் கயிற்றால் கட்டிய பிளாஸ்டிக் கதிரை. கால் கட்டாத இன்னொன்று. பாய். உடுப்புத் தொங்கும் கொடிக்கயிறு. கப்பலில் வந்த பெட்டிப் பலகையால் அபிக்கு நான் அடித்துக் கொடுத்த சின்ன மேசை. மேசை முழுக்க அவளுடைய கிறுக்கல்கள்.

“இஞ்ச ஆள் இருக்கிறதுக்கு ஒரே சாட்சி நீங்கள் போடுற சத்தந்தான் அத்தான்.”

அன்றிரவு நான் எழுந்து எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். வசந்தி மட்டும் அசையவில்லை.

“நாங்கள் இருக்கிற மாதிரியே இருப்பம். இருக்கிறவைக்கு என்னத்துக்கு நடிப்பு?”

“அலுமாரி எங்கயெண்டு கேட்டா?”

“உடுப்பு கொடியில கிடக்கெண்டு சொல்லுங்கோ. கொடி என்ன பொய்யே?”

கேட்டிருக்கலாம். ஆனால் பயந்தவனுக்குக் காது முதலில் அடைக்கும்.

முன்வீட்டு றசீனா றாத்தாவின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. சீதனச் சாமான் எல்லாம் வந்து இறங்கியிருந்தது. அலுமாரி, செற்றி, பிறிட்ஜ். போய்க் கேட்டேன். யோசிக்கவே இல்லை அவ.

“புள்ளட படிப்புக்குத்தானே, கொண்டு போங்க தம்பி. பொலித்தீன மட்டும் கழட்டிராதீங்க. கலியாணத்தண்டுதான் கழட்டணும்.”

“கழட்டமாட்டன் றாத்தா.”

“அலுமாரிக்குள்ள கூறச்சாறி இரிக்கி. பூட்டித்தான் தருவன். திறப்பு எனக்கிட்டத்தான் இரிக்கும்.”

“பூட்டினா என்ன, ஆர் திறக்கப் போகினம்?”

அந்தக் கேள்வியை எழுதும்போது இப்போதும் என் காது சூடாகிறது.

அடுத்தது, எங்கள் சாமானை எங்கே வைப்பது? ஒழுங்கை முடியுமிடத்தில் ஒரு மாடிவீடு. ஹார்ட்வெயார் கடை முதலாளி அண்மையில்தான் அதை வாங்கியிருந்தார். அவருடைய சொந்த வீடு நிலாவெளி வீதியில், தோட்டத்தோடு. மாடிவீட்டுக் காவலுக்குக் கந்தையா அண்ணை இருந்தார்.

“மேல சும்மாதானே கிடக்கு. கொண்டந்து போடும் தம்பி” என்றார்.

கதிரை, பாய், கொடிக்கயிறு, அபியின் சட்டைகள், தேய்ந்த செருப்புகள், மேசை என்று எல்லாம் மேல்மாடிக்கு ஏறின. வசந்தி குசினி வாசலில் நின்று மறித்ததால் சட்டி பானை மட்டும் தப்பின.

பிறகுதான் அலுமாரி ஒழுங்கைக்குள் நடந்தது. மானை அனுப்ப வசந்தி வாழைப்பழத்தோல் கொண்டுவந்து கொடுக்கவேண்டியிருந்தது.

மின்விசிறி சொன்ன சாட்சி

அடுத்த நாள் காலையிலேயே வந்துவிட்டார்கள். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு சேர், குடையோடு ஒரு மிஸ், பழைய மாணவர் சார்பில் ஒரு பெரியவர்.

அபியைச் செற்றியில் இருத்தியிருந்தேன். அசையாதே என்று சொல்லியிருந்தேன். பொலித்தீன் அவள் தொடையில் ஒட்டி, மூச்சு விட்டாலும் கிறீச்சிட்டது.

“இஞ்ச ஆர் இருக்கிறது?” என்று கேட்டார் சேர்.

“அன்பார்ந்த…” என்று என் வாய் தன்பாட்டில் தொடங்கியது. இழுத்துப் பிடித்தேன். “நாங்கள்தான் சேர்.”

“இந்தச் செற்றி எப்ப வாங்கினது?”

“கனகாலம் சேர்.”

கிறீச்.

மிஸ் பிறிட்ஜைத் திறந்தா. உள்ளே பொதி கட்டும்போது வைக்கிற வெள்ளை ரெஜிபோம் துண்டுகளும் புதுப் பிளாஸ்டிக் மணமும்.

“ஒரு தண்ணிப் போத்தலும் இல்லையே?”

“கறன்ற் இல்லை மிஸ்.”

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“அது காத்துக்குச் சுத்துது” என்றேன்.

ஊரையே எழுப்பும் குரல் எனக்கு. அன்றைக்கு அது காதடியில் முனகும் நுளம்பின் குரல்.

பெரியவர் அலுமாரியடிக்குப் போனார். “பிள்ளையின்ர உடுப்பைப் பாப்பம். திறங்கோ.”

“திறப்பு கிண்ணியாவுக்குப் போயிட்டுது ஐயா.”

“திறப்பு போனதோ?”

“திறப்பு தனியப் போகேல்லை. ஒரு ஆளோட போனது. ஒரு கலியாணக் கதைக்கு…”

மிஸ் சிரிக்கவில்லை. சேர் பேனையை மூடினார். அப்போதுதான் வசந்தி வெளியே வந்தாள்.

“சேர், குசினிக்கு வாங்கோ. அடுப்பைப் பாருங்கோ, கரிப்பிடிச்ச சட்டியைப் பாருங்கோ. இந்தப் பிள்ளை பிறந்து வந்தது இந்த வீட்டுக்குத்தான். இவர் பயத்தில வேலை காட்டினவர். அதுக்காக நாங்கள் இல்லையெண்டு ஆகிடுமே?”

“தேவையில்லை அம்மா. இப்பிடிச் சோடிச்ச வீடு நாங்கள் கனக்கப் பாத்திட்டம்.”

அந்த நேரம் பள்ளிக்கூடத்து மணி அடித்தது. அபி செற்றியிலிருந்து குதித்தாள்.

“அம்மா, இன்ரேவல் விட்டுட்டுது!”

தூரத்து வீட்டுப் பிள்ளைக்கு எந்த மணி எதற்கென்று தெரியுமா? இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? ஆனால் அவர்கள் அப்போது வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேலே இருந்த எங்கள் வீடு

பின்னேரம் றாத்தாவின் சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்கள் சாமானை எடுக்க மேல்மாடிக்குப் படியேறினேன். கதவைத் தள்ளினேன்.

உள்ளே எங்கள் வீடு இருந்தது.

பாய் விரித்திருந்தது. கொடி கட்டி அபியின் சட்டைகள் தொங்கின. கால் கட்டிய கதிரை சுவரோரம். வாசலில் தேய்ந்த செருப்புகள். யன்னலடியில் மேசை. யன்னலுக்கு வெளியே துறைமுகமும் மாவாலைக்குக் கோதுமை இறக்க வந்த கப்பலும். எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் வராத காற்று அங்கே வீசியது. எங்களைவிட எங்கள் சாமான் நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தது.

“கந்தையா அண்ணை, உதென்ன?”

“முதலாளி கொஞ்சம் பழைய சாமான் போட்டு வைக்கச் சொன்னவர் தம்பி. ஆள் இருக்கிற மாதிரித் தெரியோணுமாம். அவற்ற வீட்டில பழைய சாமானுக்கு எங்க போறது? எல்லாம் புதுசு. நீர் கொண்டந்தீர். பரவி வைச்சன். நான் என்ன களவெடுத்தனானே?”

“அவையள் இஞ்சயும் வந்தவையே?”

“உம்மட வீட்டில இருந்து நேர இஞ்சதான். முதலாளியம்மா மகளோட வானில வந்து இறங்கி இருந்தவ.” குரலைத் தாழ்த்தினார். “அந்த மிஸ் இருக்கிறா எல்லோ, மேசையைத் தடவித் தடவிப் பாத்தவ. ‘இது ஒரு பிள்ளை இருந்து வளந்த வீடு. இதையெல்லாம் ஒருத்தரும் கொண்டந்து வைக்கேலாது’ எண்டு சொன்னவ.”

மிஸ் சொன்னது முழு உண்மை. அதை யாராலும் கொண்டுவந்து வைக்க முடியாது. நான் ஒருவன்தான் கொண்டுவந்து வைத்தேன், அதுவும் தோளில் சுமந்து, படியேறி.

கொஞ்ச நாளில் பள்ளிக்கூடச் சுவரில் பெயர்களை ஒட்டினார்கள். முதலாளியின் மகள் இருந்தாள். அபி இல்லை.

யோசித்துப் பாருங்கள். அவர்கள் எங்கள் வாழ்க்கையைப் பார்க்காமல் விடவில்லை. பார்த்தார்கள். தடவியும் பார்த்தார்கள். சரி என்று புள்ளியும் போட்டார்கள். ஆனால் எங்கள் வாழ்க்கை, உறுதி உள்ள ஒருவரின் கூரைக்குக் கீழே இருந்தபோதுதான் அது அவர்களுக்கு உண்மையாகத் தெரிந்தது. எங்கள் கூரைக்குக் கீழே நாங்களே நின்று சொன்னபோது அது நாடகம். ஏமாற்றுகிற காசுக்காரரைப் பிடிக்க விரித்த வலையில், ஏமாற்றத் தெரியாத நான் போய் விழுந்தேன். காசுக்காரர் மேலே யன்னலடியில் காற்று வாங்கினார்.

மேன்முறையீட்டுக்குப் போனேன். முழுக் கதையையும் சொன்னேன். அலுவலர் பொறுமையாகக் கேட்டார்.

“உங்கட சாமான் அங்க. ஆற்றையோ சாமான் இஞ்ச. அப்ப நீங்கள் எங்கதான் இருக்கிறியள்?”

மறுபடியும் நுளம்பின் குரல். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று எங்கள் ஒழுங்கைக்குத் தெரியும், குழாயடிக்குத் தெரியும், அந்த மானுக்குக்கூடத் தெரியும். முதலாளி வீட்டார் மேல்மாடியில் ஓர் இரவாவது படுத்தார்களா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. உறுதி இருக்கிறவனின் தலையணையை யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை.

மேசை பாஸ்

அபி இப்போது ஐந்தாம் வகுப்பு, பஸ்ஸில் போகிறாள். தூரத்துச் சின்னப் பள்ளிக்கூடம். நல்ல ஆசிரியர்கள், ஆனால் ஆள் போதாது. கணக்கு மிஸ் இடமாற்றத்தில் போய்க் கனகாலம், பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. ஒரே கொட்டகைக்குள் இரண்டு வகுப்பு. இவர்கள் பெருக்கல் சொல்லும்போது அவர்கள் தேவாரம் சொல்வார்கள்.

காலையில் பெரிய பள்ளிக்கூடத்து மணி இன்னும் எங்கள் குசினிக்கு வருகிறது. அது அடித்தால் இவளுக்குப் பஸ் போய்விட்டது என்று அர்த்தம். அதே நேரம் முதலாளியின் மகளை ஏற்றிக்கொண்டு நிலாவெளி வீதியிலிருந்து ஒரு வான் எங்கள் ஒழுங்கைச் சந்தியைக் கடந்து போகும்.

அண்மையில் ஒருநாள் முதலாளி வந்தார். தங்கமான சுபாவம், குரல் உயர்த்தமாட்டார். கால் கட்டிய கதிரையில்தான் இருந்தார்.

“ராசன், மேல்மாடியை வாடகைக்கு விடப்போறன். முதலாம் வகுப்புக்குப் போடுற காலம் வருது எல்லே, தாய் தேப்பன்மார் கேட்டுத் திரியினம். நீர் ஒரு அறிவித்தல் செய்யும். வடிவாச் செய்யும், பள்ளிக்கூடம் விடுற நேரம்.”

“ஓம் முதலாளி.”

“இன்னொண்டு. அந்தப் பழைய சாமான் கிடக்கோ? அந்தச் சின்ன மேசை? நல்ல ராசியான சாமான் அது. மேல போட்டு விட்டா எடுக்கிற சனத்துக்கும் உதவி.”

“முதலாளி, அது பிள்ளையின்ர மேசை.”

“பிழையா நினையாதையும். பிள்ளைக்காக ஆர்தான் செய்யாயினம்? உம்மட்டை இருந்திருந்தா நீரும் செய்திருப்பீர்.”

அதுதான் என்னைச் சுட்டது. ஏனென்றால் அது சரி. என்னிடம் மாடிவீடு இருந்திருந்தால் நானும் செய்திருப்பேன். அவருக்கும் மகள், எனக்கும் மகள். பாசத்தில் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. அவருடைய பாசத்துக்கு யன்னலும் உறுதியும் இருந்தன. என்னுடைய பாசத்துக்கு இருந்தது இரவல் அலுமாரி, அதுவும் பூட்டிய அலுமாரி.

அவர் போன பிறகு அபி மேசையிலிருந்து நிமிர்ந்தாள். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பழைய வினாத்தாள் செய்துகொண்டிருந்தாள். வளர்ந்துவிட்டாள், முழங்கால் மேசையில் இடிக்கிறது.

“அப்பா, இந்த மேசை பாஸ் பண்ணின பள்ளிக்கூடந்தானே அது?”

“ஓம் பிள்ளை.”

“மேசை கெட்டிக்காரிதான். நான்தான் பெயில்.”

பகிடியாகத்தான் சொன்னாள். என் மகள் அல்லவா, பகிடியாகத்தான் சொல்வாள். வசந்தி அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அறியத்தருகிறோம்

மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். வாசலில் வான்கள், கார்கள், குடைகளோடு அம்மாமார். நான் ஆட்டோவை மெதுவாக உருட்டி வந்து மைக்கை எடுத்தேன்.

பயமில்லாத நாள் என்று தொடக்கத்தில் சொன்னேன். அது பொய். முதலாளியின் மலிவு விற்பனை அறிவித்தல்கள்தான் என் அடுப்பில் பாதி. ஆனால் குரல் நடுங்கவில்லை. மரண அறிவித்தலுக்கு என்று வைத்திருக்கும் அடிக்குரல் தானாக வந்தது.

“அன்பார்ந்த பெற்றோர்களே! இந்தப் பள்ளிக்கூடத்து மணி கேட்கும் தூரத்தில் மேல்மாடி வீடு ஒன்று வாடகைக்கு உண்டு. காணி உறுதி உண்டு. கடல் காற்று உண்டு. யாரும் குடியிருக்கத் தேவையில்லை. பிள்ளை வளர்ந்த வீடு என்று காட்டுவதற்கு வேண்டிய பாய், செருப்பு, மேசை யாவும் கீழ் ஒழுங்கையில் பிள்ளை வளர்க்கும் வீடுகளில் கிடைக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு மாத்திரம் இங்கே இடமில்லை என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருகிறோம்.”

குடைகள் திரும்பின. ஒரு வான் சாரதி வாய்விட்டுச் சிரித்தான். வாசல் காவலாளி ஓடிவந்து, என்னை நிறுத்துவதா, இன்னொரு தரம் கேட்பதா என்று தெரியாமல் நின்றான். அந்த இடத்தில் பார்த்து ஆட்டோவும் நின்றுவிட்டது. இழுத்தேன், இருமியது, ஓடியது.

கடற்கரை வீதியைத் திரும்பும்போது சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. முதலாளி. நான் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது.

ஒழுங்கைச் சந்தியில் வசந்தி நின்றாள். இடுப்பில் கை, கையில் அகப்பை. சத்தம் அவ்வளவு தூரத்துக்கும் கேட்டிருக்கவேண்டும். வீட்டு வாசலில், பஸ்ஸால் வந்து புத்தகப் பையைக்கூடக் கழற்றாத அபியும், முன்வாசலில் றசீனா றாத்தாவும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி விழப்போகிற பேச்சுக்குத் தலையைக் குனிந்துகொண்டு எஞ்சினை நிறுத்தப் போனேன்.

“பெற்றோல் கிடக்கே?” என்றாள் வசந்தி.

“கிடக்கு.”

“அப்ப ஏன் நிப்பாட்டுறியள்? இன்னொரு சுத்துச் சுத்தீற்று வாங்கோ.”